கீழை ஆக்கள் இருக்கினம்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை வீட்டுக்கார அக்காதான் வாசித்துச் சொன்னார். கண்ணாடியைப் போட்டு ஒருமுறை தனக்குள் வாசித்தார். இரண்டாவது முறை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“பிள்ளை பள்ளிக்கூடத்திலை ஒரு சொல்லும் கதைக்கேல்லையாம். செப்தெம்பரிலை இருந்து இண்டைக்கு வரைக்கும். பேச்சுப் பாக்கிற ஆக்களிட்டைக் காட்ட வேணுமாம். நீர் சம்மதம் எண்டு இதிலை கையெழுத்து வைக்கட்டாம்.”

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. என் பிள்ளையா கதைக்காது? காலையில் கண் விழித்தால் இரவு நித்திரையாகும்வரை வாய் ஓயாத பிள்ளை அது. நான் மீன் வெட்டினால் மீனுக்கு ஒரு கதை சொல்லும். தகப்பனின் சப்பாத்துக்கு ஒரு கதை சொல்லும்.

“ஆரைப் பாத்து என்ன சொல்லுகினம் அக்கா? வேறை ஆற்றையும் பிள்ளையின்ரை கடிதத்தை மாறித் தந்திட்டினம்.”

“இல்லையடி பிள்ளை. இவளின்ரை பேர்தான் போட்டிருக்கு.”

கடிதத்தை வாங்கி நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். கையெழுத்து வைப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். கையெழுத்து வைத்தால் பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகு அந்தப் பெயர் போகாது என்று பாரிஸ் லாச்சப்பல் கடைத்தெருவில் மரக்கறிக் கடை வரிசையில் நின்ற ஒரு பெண் எப்போதோ சொன்னது காதில் கிடந்தது. வன்னியில் இருந்து இவ்வளவு தூரம் வந்தது என் பிள்ளைக்கு வாய் பேசாதவள் என்று பெயர் வாங்கிக் கொடுக்கவா?

அப்போது மகளுக்கு நான்கு வயது. நாங்கள் இருவரும் பாரிசுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கணவர் எங்களுக்கு முந்தியே வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். இங்கே தங்குவதற்கான கார்ட் இன்னும் கிடைக்கவில்லை. மார்க்ஸ் டோர்மோய் பகுதியில், மூன்றாம் மாடி வீடொன்றில் ஓர் அறை எங்களுடையது. மற்ற அறையில் வீட்டுக்கார அக்காவும் அவருடைய கணவரும் இருந்தார்கள். வீட்டுக்கார அக்கா என்று நாங்கள் சொன்னாலும் அவர்களும் வாடகைக்குத்தான் இருந்தார்கள். நாங்கள் அங்கே இருப்பது உண்மையான சொந்தக்காரருக்குத் தெரியாது.

வந்த முதல் நாளே அக்கா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். “இஞ்சை சமைக்கலாம், குளிக்கலாம், விருந்தாளியும் வரலாம். சத்தம் மட்டும் போடக் கூடாது. கீழை இருக்கிற மனுசி பெட்டிசம் போட்டுதெண்டா, உங்களுக்கும் வீடில்லை, எங்களுக்கும் வீடில்லை.”

கீழே இருந்த மனுசியை நான் அதிகம் கண்டதில்லை. வீடு கூட்டுகிற அவருடைய தும்புத்தடியை நன்றாகத் தெரியும். நிலத்தில் ஒரு கரண்டி விழுந்தால் போதும், கீழேயிருந்து அதன் கம்பால் தன் அறை முகட்டில் டொக் டொக் என்று இடிப்பார். மகள் அறைக்குள் நாலு எட்டு ஓடினால் டொக் டொக். ஒரு நாள் கணவர் தும்மியதற்கு இடித்தார். அது வேறு எதற்காகவோ இடித்தது என்று அவர் சொல்வார். நான் நம்பவில்லை. அன்றிலிருந்து அவர் தலையணைக்குள் தும்மினார்.

நான் சத்தக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் உப்பைக் கேட்டால் அடுத்த வளவுக்காரர் கொண்டுவந்து தருவார்கள், அப்படிக் கதைப்போம். அந்த நான் இங்கே வந்து அம்மிக்குழவி மாதிரி இருந்தேன். கடுகு வெடித்தால் மூடியைப் போட்டு அமத்தினேன். ஆசையாக வாங்கிய பிறஷர் குக்கர் விசிலுக்குப் பயந்து பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கதிரைக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டினோம். வீதியிலிருந்து உள்ளே வந்ததும், கீழ்ப்படியிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்று மாடியும் காலுறையோடு ஏறுவோம். மகளின் நான்காவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது பாட்டை மூச்சுக்காற்றால் பாடி, இரண்டு விரலால் கை தட்டினோம். அவள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் சத்தம் இருக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிள்ளை நல்ல சொல்வழி கேட்கிற பிள்ளை என்று பெருமைதான் பட்டேன்.

கடிதம் வந்த அன்று பின்னேரம் அவளை மடியில் வைத்து விசாரித்தேன்.

“பள்ளிக்கூடத்திலை ஏன் கதைக்கிறேல்லை? வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ?”

“எனக்குப் பள்ளிக்கூடம் விருப்பம்,” என்று அவள் என் காதுக்குள் சொன்னாள். எங்கள் வீட்டில் எல்லாரும் காதுக்குள்தான் கதைப்போம்.

“ஆரும் அடிக்கினமோ? ஏசுகினமோ?”

“இல்லை. தண்ணியிலை விளையாட விடுவினம். அங்கை ஒரு முயல் இருக்கு.” பிறகு அந்த முயலுக்கும் ஒரு கதை சொன்னாள். அதைக் கேட்டு எனக்குக் கோபம் இன்னும் கூடியது. இந்தப் பிள்ளைக்கா பேச்சு வைத்தியம்?

அடுத்த நாள் காலை சண்டைக்குத் தயாராகப் போனேன். இங்கே மூன்று வயதிலேயே பள்ளிக்கூடம். மத்தேர்னெல் என்பார்கள். வகுப்பு வாசல்வரை தாய் தகப்பன் போகலாம், பிள்ளையின் மேற்சட்டையைக் கழற்றி அதன் படம் ஒட்டிய கொழுக்கியில் மாட்டிவிட்டு, ஒரு கொஞ்சலோடு திரும்பிவிட வேண்டும். அன்று நான் திரும்பவில்லை. கைத்தொலைபேசியில் வீட்டுக்கார அக்காவை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, ஆசிரியைக்கு முன்னால் நீட்டினேன். ஆசிரியை இளம் பெண். கட்டை மயிர், விரலெல்லாம் நீல வர்ணம். நான் முறைத்த முறைப்புக்கு அவர் சிரித்தார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தொலைபேசிக்குள்ளிருந்து அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். “பிள்ளை நல்ல கெட்டிக்காரியாம். சொல்லுறதெல்லாம் விளங்குதாம். வடிவாப் படம் கீறுறாவாம். ஆனா குரல் எப்பிடி எண்டு தனக்கு இன்னும் தெரியாதாம். போன கிழமை விழுந்து முழங்கால் உரசி ரத்தம் வந்ததாம். அப்பவும் சத்தமில்லாமல் அழுதவவாம். அதுக்குப் பிறகுதான் தான் பயந்ததெண்டு சொல்லுறா.”

முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நான் கண்டிருந்தேன். விளையாடும்போது உரசியது என்று நினைத்து விட்டிருந்தேன். சண்டைக்கு வந்தவள் கெஞ்சத் தொடங்கினேன்.

“வீட்டிலை வாய் மூடாதெண்டு சொல்லுங்கோ அக்கா. சத்தியமாச் சொல்லுங்கோ.”

அக்கா சொன்னார்.  ஆசிரியை அதைக் கேட்டுவிட்டு, அக்கா மூலமாகவே, வெள்ளிக்கிழமை காலை வந்து வகுப்பிலேயே இரு, உன் கண்ணால் பார், அதன் பிறகு கையெழுத்து வைப்பதா இல்லையா என்று நீயே முடிவு செய் என்றார். பிள்ளையைக் குற்றம் பிடிக்கிறவள் இப்படிக் கேட்பாளா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சீப்பால் தலை இழுத்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டு, ஒரு பெட்டி நிறைய பயற்றம் பணியாரத்தோடு போனேன். வெறுங்கையோடு ஆசிரியை வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போவது எனக்குப் பழக்கமில்லை. வகுப்பு முதலாம் மாடியில் இருந்தது. பழைய பலகைத் தரை. என்னை உட்காரச் சொல்லிக் காட்டிய கதிரை என் முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்தால் முழங்கால் நாடியில் முட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெடியன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுத் தன் மூக்கைத் தோண்டத் தொடங்கினான்.

அட கடவுளே, அந்தச் சத்தம்! மீன் சந்தை தோற்றுப்போகும். ஒருத்தி அழுகிறாள். இருவர் ஒரு லொறியை இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். ஒருவன் காரணமே இல்லாமல் சேவல் மாதிரிக் கூவுகிறான். ஆசிரியை ஒருவரையும் அதட்டவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வாசலில் கால் வைக்கும்போதே மூச்சு நின்றுவிடும். உதென்ன வளர்ப்பு, உதென்ன வகுப்பு என்று மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன்.

அதற்கு நடுவில் என் பிள்ளை. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நுனிக்காலில் போனாள். கதிரையை இழுக்கவில்லை, இரண்டு கையாலும் தூக்கி வைத்தாள். மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், ஒரு டக் சத்தமும் கேட்கவில்லை. பெயர் கூப்பிட்டபோது மற்றப் பிள்ளைகள் கத்தினார்கள். அவளுடைய முறை வந்தபோது பக்கத்திலிருந்த சுருட்டை மயிர்ச் சிறுமி அவளுடைய கையைப் பிடித்து உயர்த்தி, அவளுக்காகத் தான் கத்தினாள். தினமும் அப்படித்தான் போலிருந்தது. ஒருவரும் அதைப் புதினமாகப் பார்க்கவில்லை. காகத்துக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். ஆனாலும் அன்று என் குஞ்சு மற்றக் குஞ்சுகளைப் போல இல்லை என்று எனக்கே தெரிந்தது.

பிறகு ஆசிரியை ஒரு தவளைப் படத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு, தானே குந்தியிருந்து தவளை போலக் குதித்தார். இருபத்தைந்து பிள்ளைகளும் குதித்தார்கள். பலகைத் தரை அதிர்ந்தது. தடார் தடார். என் கண் தானாகத் தரைக்குப் போனது. என் பிள்ளை மட்டும் குந்தியிருந்து, மெல்ல எழும்பி, மெல்லக் குந்தினாள். கால் நிலத்தைவிட்டுக் கிளம்பவே இல்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் குட்டிக் கதிரையில் இருந்தபடியே கூப்பிட்டேன்.

“குதியுங்கோ பிள்ளை! எல்லாரும் குதிக்கினம், நீங்களும் குதியுங்கோ!”

என் பழைய குரல். ஒன்றரை வருடமாக வெளியே வராதது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. மகள் முகம் வெளிறி, நுனிக்காலில் ஓடிவந்து, தன் சின்னக் கையால் என் வாயைப் பொத்தினாள். மற்றக் கை விரலைத் தன் உதட்டில் வைத்தாள். பிறகு என் காதுக்குள் சொன்னாள்.

“அம்மா, மெல்லக் கதையுங்கோ. கீழை ஆக்கள் இருக்கினம்.”

 ஐந்து மாதம். ஐந்து மாதமாக இந்தப் பிள்ளை இந்த வகுப்பில் எங்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகள் எல்லாம் குதிக்கும்போது, யார் எப்போது தும்புத்தடியால் இடிக்கப் போகிறார்கள் என்று பயந்துகொண்டே தண்ணீரில் விளையாடியிருக்கிறது. கொழுக்கட்டையை அதன் வாயில் வைத்தது நான். நான்தான்.

பிள்ளையின் உதடு அசைந்ததை ஆசிரியை கண்டுவிட்டார். ஓடிவந்து எங்களுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்கிறார். அது விளங்கியது. பதில் சொல்லத்தான் பாஷை இல்லை. அந்த நேரம் பார்த்து அக்காவும் தொலைபேசியை எடுக்கவில்லை. நான் தரையைக் காட்டினேன். கீழே ஒரு மனுசி இருப்பதாகக் கையால் காட்டினேன். தும்புத்தடியைப் பிடிப்பது போலப் பிடித்து முகட்டைப் பார்த்து இடித்தேன். “டொக் டொக் டொக்.” பிறகு என் வீடு, என் வீடு என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அழுதுகொண்டுதான் இவ்வளவையும் காட்டினேன். பிள்ளைகள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தாங்களும் டொக் டொக் என்றார்கள்.

ஆசிரியை முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு மகளின் நுனிக்காலைப் பார்த்தார். கையை வாயில் வைத்துக்கொண்டார்.

வகுப்பில் அவருக்கு உதவியாக ஓர் அம்மா இருந்தார். மூக்குத் துடைப்பது, சப்பாத்து மாட்டுவது, வர்ணத் தண்ணீர் மாற்றுவது எல்லாம் அவர். ஆசிரியை அவரிடம் ஏதோ சொல்ல, அவர் ஒரு கையில் மகளையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு படியால் கீழே இறக்கினார். வகுப்புக்கு நேர் கீழே இருந்த கதவைத் திறந்தார்.

ஒரு பெரிய வெறும் மண்டபம். மழை பெய்தால் பிள்ளைகள் விளையாடுகிற இடம். சுவரோரம் மூன்று சில்லுச் சைக்கிள்கள், மூலையில் அடுக்கிய மெத்தைகள். வேறு ஒன்றுமில்லை.

மகள் வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். மெத்தைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அலுமாரிக் கதவைத் திறந்து பார்த்தாள், உள்ளே பந்துகள். ஒரு மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

“ஆக்கள் எங்கை?” என்று கேட்டாள்.

“ஆக்கள் இல்லை பிள்ளை. இஞ்சை ஒருத்தரும் இல்லை.”

அப்போது மேலே மறுபடியும் தவளைகள் குதிக்கத் தொடங்கின. முகடு தடார் தடார் என்று அதிர்ந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். நாங்கள் மேலே இருக்கும்போது கீழே எப்படிக் கேட்கும் என்பதை அவள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்கிறாள். என் முகத்தைப் பார்த்தாள், உதவிக்கார அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. 

கதவு மூலையில் ஒரு தும்புத்தடி சாய்த்து வைத்திருந்தது. அவள் நேரே போய் அதை எடுத்தாள். அவளைவிட இரண்டு மடங்கு நீளம். இரண்டு கையாலும் தள்ளாடித் தள்ளாடி நிமிர்த்தி, முகட்டைப் பார்த்துத் தூக்கினாள். எங்கே எட்டப் போகிறது? எட்டாது என்று தெரிந்ததும், தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து, அந்த மண்டபமே கிடுகிடுக்கக் கத்தினாள்.

“சத்தம் போடாதேங்கோ!”

என் குரல். அசல் என் குரல், எங்கள் சத்தக் குடும்பத்தின் குரல். அது அவளுக்குள் இவ்வளவு நாளும் கிடந்திருக்கிறது. சுவரெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது. அவள் தானே திடுக்கிட்டுத் தும்புத்தடியைக் கீழே போட்டாள். அது விழுந்த சத்தமும் எதிரொலித்தது. யாரும் வரவில்லை, யாரும் இடிக்கவில்லை. மேலே தவளைகள் தங்கள் பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தன.

அவள் முகத்தில் சிரிப்பு ஒன்று மெல்ல வந்தது. மறுபடியும் கத்தினாள். “சத்தம் போடாதேங்கோ!” மூன்றாவது முறை கத்தியபோது துள்ளிக் குதித்துக்கொண்டே கத்தினாள். அதற்குப் பிறகு நானும் சேர்ந்து கத்தினேன். வெட்கம் என்ன வெட்கம்! உதவிக்கார அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் எங்களைப் பார்த்துத் தானும் அதையே தன் நாக்குக்கு வந்தபடி கத்தினார்.

ஆசிரியை படியில் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. பிள்ளை என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பிரெஞ்சுச் சொல் எனக்குத் தெரியும். உதட்டில் விரலை வைத்து, ஷூட் என்பார்கள். இந்த நாட்டில் நான் முதல் படித்த சொல்லே அதுதான். அதைப் பிள்ளையின் முதல் சொல்லாகக் கொடுக்க எனக்கு மனமில்லை.

“போன்ஜூர்,” என்றேன். “போன்ஜூர் சொல்லுறா.”

அவர் பிள்ளைக்குத் திருப்பிப் போன்ஜூர் சொன்னார். நான் மடித்த கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கையெழுத்து வைக்கத்தான் எடுத்தேன், அவ்வளவு தூரம் மனம் இறங்கியிருந்தது. அவர் அதை வாங்கி, தன் சட்டைப் பைக்குள் வைத்து, பொறு பொறு என்று கையால் காட்டினார். பயற்றம் பணியாரத்தைப் பிள்ளைகள் எல்லாருக்கும் பகிர்ந்தார்கள். மூக்குத் தோண்டிய பெடியன் மூன்று தின்றான். அந்தக் கடிதம் திரும்ப வரவே இல்லை. ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு, வகுப்பில் உங்கள் மகள் மற்றவர்களைக் கதைக்க விடுகிறாளில்லை என்று இன்னொரு கடிதம்தான் வந்தது.

கணவருக்கு நடந்ததைச் சொன்னபோது அவர் பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கை கழுவினார்.  அன்றிலிருந்து கார் து நோர் ரயில் நிலையத்தில் கண்டவர்களிடமெல்லாம் வீடு விசாரிக்கத் தொடங்கினார். பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் வீடு இருக்கிறது என்று யாராவது சொன்னால், மற்றவர்கள் முதலில் பஸ் இருக்கிறதா என்று கேட்பார்கள், இவர் கீழே ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்பார். சிநேகிதர்கள் விசரன் என்று பகிடி பண்ணினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்திலிருந்து இருவரும் நடந்து வந்தோம். வழியெல்லாம் அவள் வாய் மூடவில்லை. கத்திக் கத்திக் கதைத்தாள். லாச்சப்பலில் நகைக்கடை வாசலில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து, “ஆற்றை பிள்ளையப்பா உது, லவுட் ஸ்பீக்கர்?” என்றார். “என்ரை பிள்ளை!” என்று நானும் கத்தினேன்.

கட்டடத்துக்குள் வந்ததும் அவள் குரல் தானாக அணைந்துவிட்டது. கீழ்ப்படியில் குந்தியிருந்து, எப்போதும் போலச் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள். ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டாள். நான் குனிந்து அதை வாங்கி, திரும்ப அவளுக்குப் போட்டு, நாடாவைக் கட்டினேன்.

“கீழை மனுசி?” என்று காதுக்குள் கேட்டாள்.

“நான் கதைக்கிறன் அவவோடை. நீங்கள் நடவுங்கோ.”

என்ன பாஷையில் கதைப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவள் என் முகத்தை நம்பலாமா என்று பார்த்துவிட்டு, எழும்பி நடந்தாள். ஒவ்வொரு படியிலும் சப்பாத்துச் சத்தம் டக், டக் என்று கேட்டது. இரண்டாம் மாடியில் அந்த மனுசியின் கதவுக்கு முன்னால் வந்தபோது அவள் நிற்கவில்லை. நான்தான் நின்றேன். குனிந்து பார்த்தால், என் சப்பாத்து இரண்டும் என் கையில் இருந்தன.